வீவக வீட்டில் கூஸ் ஊதல்: முதல் வேட்டைக்குப் போகும் முன் பழகவேண்டியவை

கால்கரியிலோ எட்மன்டனிலோ சொந்தக்காரர் இருக்கும் சிங்கப்பூர்த் தமிழர்கள் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் அங்கே போய் இறங்கினால், அறுவடை முடிந்த பார்லி வயல்களில் கனடா வாத்துகள் (ஆங்கிலத்தில் கூஸ்) கூட்டங்கூட்டமாக மேய்வதைப் பார்க்கலாம். வேட்டைக்குப் போகும் பழக்கமுள்ள மச்சானோ அவருடைய பக்கத்து வீட்டுக்காரரோ "அடுத்த வருஷம் நீங்களும் வாங்க" என்று கூப்பிடுவார். கூடவே, வாத்துக் குரலில் ஊதி வாத்துகளை அழைக்கும் ஒரு சின்னக் குழலைக் கையில் திணித்து, "அதுவரைக்கும் இதை ஊதிப் பழகுங்க" என்பார். அந்தக் குழலோடு சாங்கியில் வந்து இறங்கி, வீவக வீட்டு அறையில் உட்கார்ந்துகொண்டு, இதை எங்கே எப்படி ஊதுவது என்று யோசிக்கிறீர்களா? இது உங்களுக்காகத்தான்.

கடையில் கேட்கும்போது 'கூஸ் கால்' என்று கேளுங்கள். நான் இங்கே ஊதல் என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

புதிதாக வருபவர்களில் பலர் பலமாக ஊதக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். காது கிழிகிற அளவுக்குச் சத்தம் வந்துவிட்டால் கற்றுக்கொண்டோம் என்று நினைக்கிறார்கள். வயலில் வாத்து தலைக்கு மேலே வரும் நேரத்தில் அந்தச் சத்தத்தால் ஒரு பயனும் இல்லை. அப்போது வேண்டியது மெதுவாக, சுத்தமாக, சொன்ன இடத்தில் நிற்கிற ஒலி. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குழந்தை தூங்கும் நம் வீடுகளில், மெதுவாக ஊதித்தான் பழக முடியும். அதனால் இங்கே பழகுவதை ஒரு குறையாக எண்ண வேண்டாம். பெரிய பண்ணை வீட்டில் இருப்பவர் கடைசியில் கற்றுக்கொள்வதை நாம் முதலிலேயே கற்றுக்கொள்கிறோம்.

முதலில் சட்டம்

சிங்கப்பூரில் வேட்டைக்கு இடமே இல்லை. வனவிலங்குச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் காட்டு விலங்கையோ பறவையையோ கொல்வதும் பிடிப்பதும் பொறி வைப்பதும் குற்றம். 1965ஆம் ஆண்டுச் சட்டம் அது. 2020இல் திருத்திக் கடுமையாக்கினார்கள். துப்பாக்கி பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே இங்கே நாம் செய்யப்போவது ஊதிப் பழகுவது மட்டும்தான், அதுவும் பறவைகளுக்குத் தொந்தரவு இல்லாமல். சுங்கை பூலோவிலோ வேறு ஈரநிலத்திலோ போய் நின்று "ஏதாவது பதில் சொல்கிறதா பார்ப்போம்" என்று ஊத வேண்டாம். செப்டம்பர் முதல் மார்ச் வரை அங்கே வந்து தங்கும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து களைத்து வந்தவை. அவை நிம்மதியாக இரை தேடட்டும். கனடா வாத்து இந்தப் பக்கம் வருவதே இல்லை. நம்மூர்க் குளங்களில் தெரியும் சீழ்க்கைச்சிறகி என்ற வாத்துக்கும் இந்த ஊதலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கனடாவில் வேட்டை உண்டு, ஆனால் அதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. வலசைப் பறவைகளைக் காப்பதற்காகக் கனடாவின் சார்பில் பிரிட்டனும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 1916இல் கையெழுத்தானது. இன்றைய வேட்டை விதிகள் அதன் வழியில் வந்தவைதான். வலசைப் பறவை வேட்டை அனுமதியும், அதோடு சேர்ந்த வாழ்விட முத்திரையும் வாங்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் பருவமும் எண்ணிக்கையும் மாறும். ஈயக் குண்டு கூடாது. கனடாவில் 1999 முதல், அமெரிக்காவில் 1991 முதல் வாத்து வேட்டையில் ஈயம் தடை. உங்களை அழைத்துப் போகிறவரிடம் இவற்றை முன்கூட்டியே கேட்டு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விதிகளில் ஒன்று நம் பாடத்துக்கு நேராக வந்து முட்டுகிறது. பதிவு செய்த வாத்துச் சத்தத்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டுக் கனடா வாத்தைக் கூப்பிடக் கூடாது. வெள்ளை நிற ஸ்னோ கூஸுக்குச் சில பருவங்களில் விலக்கு உண்டு, அவ்வளவுதான். கைப்பேசியில் சத்தத்தைப் போட்டுச் சமாளித்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வாயால் ஊதியே தீர வேண்டும்.

எதை வாங்குவது

இரண்டு வகை கண்ணில் படும். ஒன்று நீளமான ஃபுளூட் வகை. ஊதுவது எளிது, குறைந்த நேரத்தில் வாத்துக் குரல் போல ஒன்று வந்துவிடும். ஆனால் அதில் வரும் ஒலிகள் கொஞ்சம்தான். இன்னொன்று ஷார்ட் ரீட் வகை. குட்டையானது, முதல் இரண்டு வாரம் எரிச்சல் தரும், பிடிபட்டுவிட்டால் எல்லா ஒலியும் அதில் கிடைக்கும். ஒரே ஒரு காலை வேளைக்குத்தான் போகிறீர்கள் என்றால் ஃபுளூட் போதும். மறுபடியும் போகும் எண்ணம் இருந்தால் ஷார்ட் ரீடையே வாங்குங்கள். இனி நான் சொல்வதெல்லாம் அதைப் பற்றித்தான்.

பாலிகார்பனேட் ஊதல் 20 முதல் 40 அமெரிக்க டாலருக்குக் கிடைக்கும். அக்ரிலிக் என்றால் 100ஐத் தாண்டும். தொடங்குபவருக்குப் பாலிகார்பனேட் தாராளமாகப் போதும். மரத்தில் செய்ததை நான் இங்கே இருப்பவர்களுக்குச் சொல்வதில்லை. நம் ஊர் ஈரப்பதத்தில் மரம் உப்பி, உள்ளே செருகும் பகுதி இறுகிக்கொள்ளும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கேமரா வைக்கும் உலர்பெட்டியில் வைத்துவிடுங்கள். கைக்கு அடங்கும் ஊதலுக்கு அதில் ஒரு மூலை போதும்.

பிரித்துப் பாருங்கள்

ஊதுவதற்கு முன் ஒரு முறை மேசை விளக்கின் கீழே வைத்துப் பிரித்துப் பாருங்கள். வாய் வைக்கும் பகுதி பேரல். அதற்குள் செருகியிருப்பது இன்சர்ட். லேசாகத் திருகி இழுத்தால் வந்துவிடும். இன்சர்ட்டின் உள்முனையில் ஒரு பக்கம் தட்டையான, நடுவில் பள்ளம் ஓடும் பலகை தெரியும். அது டோன்போர்டு. அதன் மேல் மைலார் என்ற பிளாஸ்டிக்கில் செய்த மெல்லிய தகடு படுத்திருக்கும், அதுதான் ரீட். அதை நழுவாமல் பிடித்துக்கொண்டிருக்கும் சின்ன ஆப்பு வெட்ஜ்.

டோன்போர்டு முழுக்கத் தட்டையாக இருக்காது. பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நுனிப்பக்கம் மெல்ல வளைந்து, ரீடுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கீற்று இடைவெளி தெரியும். காற்று அந்த இடைவெளியில் புகுந்து ரீடை அதிரவைக்கிறது. காற்று கொஞ்சமாக இருந்தால் ரீட் சோம்பலாக அதிரும், கட்டைக் குரல் வரும். அழுத்தம் ஒரு எல்லையைத் தாண்டியதும் ரீட் சட்டென்று வேகம் மாறும், குரல் மேலே தாவும். கனடா வாத்தின் குரலில் "ஹ-ஹாங்க்" என்று உடைகிற இடம் இதுதான். இந்தத் தாவலை நம் விருப்பப்படி வரவைப்பதுதான் பாடம் மொத்தமும்.

எடுக்கும் முன் ரீடின் நுனி எங்கே நிற்கிறது என்று டோன்போர்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். திரும்பப் பொருத்தும்போது அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஊதலின் குணம் மாறிவிடும்.

காற்று எங்கிருந்து வர வேண்டும்

பலூன் ஊதுவது மாதிரி கன்னத்தால் ஊதினால் இந்த ஊதல் கீச்சிடும், அல்லது ஒன்றுமே வராது. தேக்காவில் பெருமாள் கோயில் கல்யாணத்தில் நாகஸ்வரம் வாசிப்பவரின் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். கன்னம் உப்பியிருக்கும், நம் கண் அங்கேயே போகும். ஆனால் வேலை நடப்பது இடுப்பு வேட்டிக்குப் பக்கத்தில், அடிவயிற்றில். ஒரு நீண்ட பிடிப்பு முடியும்போது வயிறு உள்ளே போயிருப்பதைக் கவனித்தால் தெரியும். நமக்கு வேண்டியது அந்த வயிற்றுக் காற்று. கன்னம் மட்டும் உப்பக் கூடாது.

இதற்கு ஊதலே இல்லாமல் ஒரு பயிற்சி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைப்பதற்காக ஆவி விடுவது போல "ஹா" என்று சூடான காற்றை விடுங்கள். கண்ணாடி இல்லாதவர்கள் உள்ளங்கையில் விடலாம். இப்போது உதட்டைக் குவித்துக் குளிர்ந்த காற்றை ஊதிப் பாருங்கள். வித்தியாசம் தெரிகிறதா? உதட்டைக் குவித்தால் காற்று ஒல்லியாக, வேகமாக வந்து குளிர்ச்சியாகத் தெரிகிறது. தொண்டையைத் திறந்து அடிவயிற்றால் தள்ளினால் சூடாகத் தெரிகிறது. ஊதலுக்குள் போகவேண்டியது சூடான காற்று மட்டும்தான்.

அடுத்து, அதே "ஹா" காற்றை விட்டுக்கொண்டே வயிற்றைச் சட்டென்று உள்ளே இழுத்து "ஹட்" என்று நிறுத்துங்கள். ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டால் உதைப்பது தெரியும். எம்ஆர்டியில் நின்றுகொண்டேகூட இதைச் செய்யலாம், சத்தமே வராது. முதல் வாரம் முழுக்க இதை மட்டும் செய்தாலும் நஷ்டமில்லை. அவசரப்பட்டு ஊதலை எடுப்பவர்கள் கன்னத்தால் ஊதும் பழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதை விடுவிப்பது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

கை

வலக்கைக்காரர் என்றால், ஊதலின் வெளிமுனையை, அதாவது இன்சர்ட் முடியும் இடத்தை, இடக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகச் சேர்ந்து பிடிக்கட்டும். மற்ற விரல்கள் முன்னால் மடங்கி ஒரு குழிவை உண்டாக்கும். வலக்கை அந்தக் குழிவின் மேல் கதவு மாதிரி மூடித் திறக்கும். சிலர் கைகளை மாற்றிப் பிடிப்பார்கள், உங்களுக்கு எது வசதியோ அது.

இந்தக் குழிவு வெறும் அலங்காரம் இல்லை. கையை மூடினால் காற்று வெளியே போகத் தடை ஏற்படும், அந்த எதிரழுத்தம் ரீடுக்குப் போய்ச் சேரும், ஊதல் குறைந்த காற்றிலேயே தாவும். கை அகலத் திறந்திருந்தால் தொடங்குபவருக்குப் பெரும்பாலும் தாவாமல் கட்டைக் குரலிலேயே நிற்கும். "எனக்கு மேல் சுருதி வரவே மாட்டேங்குது" என்று சொல்கிறவர்களின் கையைப் பாருங்கள், பெரும்பாலும் விரல்களுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். ஒரு விரல் இடைவெளியை அடைத்ததும் ஒலி வந்துவிடுவதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

உதடு பேரலின் விளிம்பை ஒட்டி, காற்று ஓரத்தில் கசியாமல் மூடினால் போதும். வாய்க்குள்ளே தள்ளிக்கொள்ள வேண்டாம்.

கட்டைக் குரல், அப்புறம் தாவல்

கையைப் பாதி மூடிக்கொண்டு, சூடான காற்றை மெதுவாக, சீராக விடுங்கள். "வூஊஊ" என்று ஒரு கட்டைக் குரல் வர வேண்டும். அது நடுங்காமல், ஏறாமல் இறங்காமல் நாலைந்து நொடி நிற்க வேண்டும். கேட்க இனிமையாக இருக்காது. ஆனாலும் இந்தக் குரல் கட்டுப்பாட்டில் வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். தொடக்கத்தில் மூச்சு வாங்கும், லேசாகத் தலை சுற்றும். நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள்.

அது நிலைத்ததும், கட்டைக் குரலை விட்டுக்கொண்டே வயிற்றை ஒரு உதை உதையுங்கள். அதே நொடியில் நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழும்பட்டும்: "தூஊ-விட்". "தூ"வில் கட்டை, "விட்"டில் தாவல். நாக்கு மேலே போனதும் வாய்க்குள் காற்றுப் பாதை குறுகி, காற்றின் வேகம் கூடுகிறது. வயிறும் நாக்கும் கையும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் குரல் சுத்தமாக உடையும். சேராவிட்டால் நடுவில் ஒரு கரகரப்பு வரும். கரகரப்பு வந்தால் இன்னும் பலமாக ஊதத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். காற்றைக் குறைத்து, கையை இன்னும் கொஞ்சம் மூடி, மறுபடி முயலுங்கள்.

கிளக்: இதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும்

"தூஊ-விட்"டில் "தூ"வைச் சுருக்கிக்கொண்டே வாருங்கள். "தூ-விட்", "து-விட்", "ட்விட்". கடைசியில் கட்டைக் குரல் காதுக்குத் தனியாகக் கேட்காத அளவுக்குச் சுருங்கி, ஒரே வெட்டாக "ட்விட்" என்று நிற்கும். இதுதான் கிளக். கனடா வாத்துகள் தரையில் மேயும்போதும் பறந்து வரும்போதும் அதிகம் பேசிக்கொள்வது இந்தச் சின்ன ஒலியைத்தான்.

கிளக்கின் உயிர் அதன் முடிவில் இருக்கிறது. தொடக்கம் எப்படி இருந்தாலும், முடிவு கத்தரித்தது போல நிற்க வேண்டும். "விட்" என்பதில் "ட்" சொல்லும்போது நாக்கு மேல்பல் பின்னால் போய் ஒட்டிக் காற்றை அடைக்கிறது அல்லவா, அந்த அடைப்புதான் அது. அடைக்காமல் விட்டால் ஒலி இழுபட்டு, வால் தொங்கும். வாத்து அப்படிச் சொல்வதில்லை.

ஒரு கிளக் சுத்தமாக வந்ததும் இரண்டாவதைச் சேர்க்காதீர்கள். ஒன்று, ஒரு நிதானமான மூச்சு, இன்னொன்று. பத்தில் எட்டு ஒரே மாதிரி வரும் வரை இதையே செய்யுங்கள். அப்புறம் அதே கிளக்கைப் பாதிச் சத்தத்தில். அதன் பிறகு இன்னும் பாதியில். சத்தம் குறையும்போது தாவல் மறையக் கூடாது. கட்டைக் குரலாகச் சரிந்துவிடக் கூடாது. கையை நன்றாக மூடி, காற்றைக் குறைத்து, வயிற்றின் உதையை மட்டும் கூர்மையாக வைத்துக்கொண்டால் அறைக்கு வெளியே அதிகம் கேட்காத ஒரு கிளக் கிடைக்கும். எனக்குத் தெரிந்து, வயலில் ஒரு புதியவரைப் பயனுள்ளவராக்கும் ஒரே திறமை இதுதான். வேறு ஒன்றுமே தெரியாமல் இது மட்டும் தெரிந்தவரை வேட்டையில் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்குச் சந்தோஷம்.

மற்ற ஒலிகளைக் கிளக்கிலிருந்தே எடுக்கலாம். அதன் முன்பகுதியை நீட்டினால் ஹாங்க். தூரத்தில் போகிற கூட்டத்தின் கவனத்தைத் திருப்ப அது. இரண்டு கிளக்கை ஒரே மூச்சில் நெருக்கி வைத்தால் டபுள் கிளக். ஒரு கூட்டமே பேசுகிறது என்ற தோற்றத்தை அது தரும், ஆனால் கைவர மாதக்கணக்கில் ஆகும். முதல் பயணத்துக்குத் தேவையில்லை. தாவவிடாமல் கட்டைக் குரலையே "வ்ர்ஊ" என்று தொண்டையில் உறுமிக்கொண்டு விட்டால் மோன். அதையே துண்டுதுண்டாக, ஏற்ற இறக்கத்தோடு விட்டால் மர்மர், அதாவது வயிறு நிறைய மேயும் வாத்துகளின் முணுமுணுப்பு. உறுமிக்கொண்டே ஊதுவது முதலில் விநோதமாக இருக்கும். ஊதல் இல்லாமல் "ர்ர்ர்" என்று தொண்டையில் உறுமிப் பழகிவிட்டு, பிறகு ஊதலோடு சேருங்கள். மோனும் மர்மரும் சத்தம் குறைந்தவை. வீட்டில் பழக இவற்றைப் போல வசதியானவை வேறில்லை.

எங்கே, எப்போது ஊதுவது

இரவு 10 மணிக்குப் பிறகும் காலை 8 மணிக்கு முன்பும் ஊதலைக் கையில் எடுக்க வேண்டாம். மற்ற நேரத்தில் சன்னலை மூடி, அலமாரிக் கதவைத் திறந்து, தொங்கும் துணிகளைப் பார்த்து ஊதுங்கள். துணி சத்தத்தைக் குடித்துவிடும். மெத்தையைச் சுவரோரம் நிறுத்தி அதன் முன்னால் உட்காரலாம். ஊதலின் வாயில் துண்டைத் திணித்துப் பழகச் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, எதிரழுத்தம் மாறிவிடுகிறது; துண்டு இல்லாமல் ஊதும்போது கை குழம்பிப்போகும்.

ஒரு நாளைக்கு 10 நிமிடம் போதும். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் ஒரு சத்தம் வரும்க்கா, தொந்தரவா இருந்தா சொல்லுங்க" என்று சொன்னவருக்கும் சொல்லாதவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. படிக்கட்டிலும் புளோக்கின் கீழ்த்தளத்திலும் ஊத வேண்டாம். எதிரொலி பத்து மாடிக்கு ஏறும்.

பலமாக ஊதிப் பார்க்கவும் ஒரு இடம் வேண்டும்தான். அமெரிக்காவில் எல்லோரும் காருக்குள் பழகச் சொல்வார்கள். இங்கே நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிடுவது குற்றம்; எஞ்சினை அணைத்தால் ஐந்து நிமிடத்தில் வேர்த்துக் கொட்டும். ஓட்டிக்கொண்டே ஊதுவது கூடவே கூடாது. இசைக்குழுக்கள் ஒத்திகை பார்க்கும் ஸ்டூடியோவை ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுப்பது நல்ல வழி. சுவர் சத்தத்தை உறிஞ்சுவதால் உங்கள் ஒலியின் குறைகள் ஒளிவுமறைவில்லாமல் கேட்கும். சாங்கி கடற்கரைப் பூங்காவில் விமானங்கள் தலைக்கு மேல் தாழ்வாக வந்து இறங்கும் பக்கத்தில், ஆளும் பறவையும் இல்லாத நேரமாகப் பார்த்து நாலு ஹாங்க் ஊதிவிட்டு வரலாம். குடும்பங்கள் கூடாரம் போட்டிருக்கும் வார இறுதியில் வேண்டாம்.

காதைப் பழக்குங்கள்

ஊதுகிறவருக்குத் தன் ஒலி சரியாகக் கேட்காது, பாதி மண்டையோட்டு வழியாகவே காதுக்கு வந்துவிடும். கைப்பேசியை அறையின் மறுமூலையில் வைத்துப் பதிவு செய்து, உடனே கேளுங்கள். பிறகு உண்மையான வாத்தின் குரலைக் கேளுங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மெக்காலே ஒலி நூலகத்தில் கனடா வாத்தின் பதிவுகள் நிறைய இருக்கின்றன, கட்டணம் இல்லாமல் கேட்கலாம்.

போட்டிக் காணொளிகளைக் கேட்டுப் பழகுவதில் ஒரு ஆபத்து உண்டு. மேரிலாந்தின் ஈஸ்டன் நகரில் நடக்கும் உலகக் கூஸ் ஊதல் போட்டியில் ஊதுபவர்கள் அற்புதமான திறமைசாலிகள், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் ஒன்றரை நிமிடத்துக்குள் எல்லா ஒலியையும் நடுவர்களுக்குக் காட்ட வேண்டியவர்கள். வாத்து அப்படிப் பேசுவதில்லை. உண்மையான பதிவில் கவனிக்க வேண்டியது நடுவே வரும் அமைதி. ஒரு கிளக், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, வேறொரு பக்கத்திலிருந்து இன்னொரு கிளக். ஆணின் குரல் கட்டையாகவும் பெண்ணின் குரல் சற்று மேலேயும் இருக்கும்; இணையாக இருப்பவை மாறிமாறிக் குரல் கொடுக்கும். இந்த இடைவெளிகள் காதில் பதிந்துவிட்டால் நீங்கள் தேவைக்கு மேல் ஊத மாட்டீர்கள்.

ரீட் ஒட்டிக்கொண்டால்

பத்து நிமிடம் ஊதியதும் எச்சில் ரீடின் அடியில் சேர்ந்து, ஒலி அடைபடும். அமெரிக்கர்கள் ஒரு டாலர் தாளை ரீடுக்கும் டோன்போர்டுக்கும் நடுவே செருகி இழுப்பார்கள், தாள் ஈரத்தை உறிஞ்சிவிடும். நம் இரண்டு வெள்ளி, ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி எல்லாம் பிளாஸ்டிக், உறிஞ்சாது. பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூல் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். ரீடைத் தூக்காமல், வளைக்காமல், அடியில் விட்டு ஒரு முறை இழுத்தால் போதும். சாப்பிட்ட வாயோடு ஊதாதீர்கள். ஒரு பருக்கை உள்ளே போனாலும் ஊதல் ஊமையாகிவிடும்.

ரீடை வெளியே இழுத்தால் அதிரும் பகுதி நீண்டு குரல் கட்டையாகும், உள்ளே தள்ளினால் குரல் மேலே போகும், சுலபமாகவும் தாவும். ஆரம்பத்தில் நகர்த்தவே வேண்டாம். கத்தரியால் ரீடின் நுனியை வெட்டச் சொல்லும் காணொளிகளை இந்த வருஷம் பார்க்காதீர்கள். புது ரீட் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், ஊத ஊத இளகும்.

வயலில்

விடியும் முன்பே பொம்மை வாத்துகளை வைத்துவிட்டு, அறுவடைத் தாளடிக்கு நடுவே லேஅவுட் பிளைண்ட் என்ற படுக்கை மறைவுக்குள் மல்லாந்து படுக்க வேண்டியிருக்கும். உட்கார்ந்து பழகிய வயிறு படுத்த நிலையில் வேறு மாதிரி வேலை செய்யும். ஆகவே பயணத்துக்கு முந்தைய வாரம் வீட்டுத் தரையில் படுத்து ஊதிப் பாருங்கள். குளிர் இன்னொரு விஷயம். பூஜ்யத்துக்குக் கீழே போனால் ரீடின் ஈரம் உறைந்துவிடும், ஊதலைக் கோட்டுக்கு உள்ளே நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஊதலைக் கழுத்தில் மாட்டும் லேன்யார்டுக் கயிறு துப்பாக்கியில் சிக்காதபடி முதலிலேயே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

யார் ஊதுவது என்பதை அன்றைக்கு வழிநடத்துகிறவர்தான் முடிவு செய்வார். "நான் எப்ப ஊதலாம்ணே?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அவர் ஊதவே வேண்டாம் என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை, படுத்தபடி அவர் எப்போது நிறுத்துகிறார் என்று கவனியுங்கள்.

வாத்துகள் இரவைத் தண்ணீரில் கழித்துவிட்டு, காலையில் மேய வயலுக்கு வரும். எதிர்காற்றில்தான் இறங்கும். அதனால் உங்கள் தலைப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கும்படி படுத்திருப்பீர்கள். உங்கள் சத்தத்தைக் காற்றே வாத்துகளிடம் கொண்டுபோகும். நினைப்பதைவிட மெதுவாக ஊதினாலே அவற்றுக்குக் கேட்கும். காற்றே இல்லாத காலையில் இன்னும் குறையுங்கள்.

தூரத்தில் கூட்டம் கோடாகத் தெரியும்போது ஹாங்க், கூடவே ஒருவர் வாத்தின் இறக்கையடிப்பு போலக் கறுப்புக் கொடியைப் படபடவென்று ஆட்டுவார். கூட்டம் உங்கள் பக்கம் திரும்பிவிட்டால் கொடி கீழே, ஹாங்க் நிற்கட்டும், கிளக்குக்கு இறங்குங்கள். வட்டமடிக்கும்போது அவற்றின் வாலும் இறக்கை நுனியும் தெரிந்தால் ஊதலாம். நெஞ்சு நேராக உங்களைப் பார்த்து வந்தால் ஊதுவதை நிறுத்திவிடுங்கள். வந்துகொண்டிருப்பவற்றை இன்னும் கூப்பிட என்ன இருக்கிறது? இறக்கை அசையாமல் வளைந்து, கால்கள் தொங்கத் தொடங்கினால் அது இறங்கும் முடிவு. ஒரு மோன், ஒரு சன்னமான கிளக், அதற்கு மேல் வேண்டாம். ஆல்பர்ட்டாவில் ஒரு காலையில் என் பக்கத்தில் படுத்திருந்த தம்பி இந்த இடத்தில் உற்சாகமாக ஊதலை வாய்க்குக் கொண்டுபோனார். மச்சான் தலையைத் திருப்பாமலே "வேணாம்யா, வருது" என்றார். இருபது வாத்துகளின் இறக்கைக் காற்று கேட்கும் தூரம் அது. அப்போது கண்ணை மட்டும் அசைக்கலாம், முகத்தை நிமிர்த்தக் கூடாது. வாத்தின் கண்ணுக்கு வெளிர்ந்த முகம் ஊதலின் தப்பைவிட முதலில் படும்.

கடைசி நொடியில் விலகிப் போகத் தொடங்கினால் வேகமான, கெஞ்சுகிற மாதிரியான கிளக்குகளை அடுக்கி ஊதுவது கம்பேக். அது அனுபவமுள்ளவர் வேலை. நீங்கள் அவருடைய ஒலிக்கு அடியில் மெதுவாக, ஒரே சீரான கிளக் கொடுத்துக்கொண்டிருந்தால் இரண்டு வாத்து பேசுவது போலக் கேட்கும், அதுவே பெரிய உதவி.

திரும்பி வந்ததும்

இறைச்சியைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால் சிங்கப்பூர் உணவு அமைப்பின் விதிகளை முதலில் பாருங்கள். என்னைக் கேட்டால் அங்கேயே மிளகு தூக்கலாக வறுத்து, எல்லோருமாகச் சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது. கொழுப்பில்லாத கறுத்த இறைச்சி அது, அதிகம் வேகவிட்டால் ரப்பராகிவிடும்.

ஊதலை வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டுக் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம், ரீட் வளைந்துவிடும். வயலின் தூசியும் தாளடித் துகளும் டோன்போர்டின் பள்ளத்தில் ஒட்டியிருக்கும், பழைய மென்மையான பல்துலக்கியால் நீளவாக்கில் தேயுங்கள். பேரல் ஒரு பக்கம், இன்சர்ட் ஒரு பக்கம் என்று ஒரு நாள் காயவைத்துவிட்டு, பென்சில் கோட்டுக்கு நேராக ரீடை வைத்துப் பொருத்துங்கள். கோடு அழிந்திருந்தால் பொருத்திய பிறகு ஒரு கிளக் ஊதிப் பார்த்து, பழைய பதிவோடு ஒப்பிட்டு, சரியாக வந்த இடத்தில் புதுக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.